லினக்ஸ் ஃபயர்வாலில் கார்டு தெரியவில்லை: கோளாறு எந்தப் படியில் என்று கண்டுபிடிப்பது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறீர்கள். ஏதோ கம்பெனி கழித்துவிட்ட ஸ்லிம் டெஸ்க்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸை ஏற்றி, என்எஃப்டேபிள்ஸ் என்ற பாக்கெட் வடிகட்டியை வைத்து ஃபயர்வால் ஆக்கப் பார்க்கிறீர்கள். போர்டிலேயே இன்டெல் லேன் போர்ட் ஒன்று உண்டு. அதோடு லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் வாங்கிய ரியல்டெக் 2.5 கிகாபிட் லேன் கார்டு இரண்டு சொருகியிருக்கிறீர்கள். ஒன்று மாணவர்களின் வைஃபைக்கு, ஒன்று ஆபீசுக்கு. நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையைப் போட்டால் போர்டில் இருப்பது மட்டும்தான் வருகிறது. இரண்டு முறை இன்ஸ்டால் செய்தும் அதே கதை. கடைக்காரரோ விண்டோஸ் கணினியில் போட்டுக் காட்டி, "கார்டு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

மூன்றாவது முறை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஒரு கார்டு லினக்ஸில் பயன்பாட்டுக்கு வர வேண்டுமானால், முதலில் மதர்போர்டு அதைப் பார்க்க வேண்டும். பிறகு லினக்ஸின் மையமான கெர்னலில் அதற்கான ட்ரைவர் இருக்க வேண்டும், ட்ரைவர் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றும் சிறு நிரல்) கேட்டால் அது டிஸ்க்கில் இருக்க வேண்டும். கடைசியாக அந்தக் கார்டுக்குக் கெர்னல் உருவாக்கும் இடைமுகத்துக்கு ஒரு பெயர் விழுந்து, யாராவது அதை 'அப்' நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதில் எது முறிந்தாலும் ஐஎஃப்கான்ஃபிக்கில் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் முறிந்தது என்று தெரியாமல் கைவைத்தால் நாள்தான் போகும்.

(கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

முதல் சந்தேகம் அந்த ஐஎஃப்கான்ஃபிக் மேலேயே. அதை வெறுமனே போட்டால் 'அப்' நிலையில் உள்ளவற்றை மட்டும்தான் காட்டும். கட்டமைக்காத கார்டு 'டவுன்' நிலையில் கிடக்கும், பட்டியலில் வராது. பின்னால் -ஏ சேர்த்தால்தான் எல்லாம் வரும். டெபியனில் இந்தக் கருவி இப்போது தானாக நிறுவப்படுவதுகூட இல்லை. நீங்கள்தான் நெட்-டூல்ஸ் என்ற பொதியைத் தனியாகப் போட்டிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு 'ஐபி லிங்க்' என்று தட்டுங்கள். மூன்று கார்டும் அதில் வந்துவிட்டால் கார்டு, ட்ரைவர் எதிலும் பெரும்பாலும் குறையில்லை. கீழே பெயர்களைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

வரவில்லையென்றால் அடுத்தது 'எல்எஸ்பிசிஐ -என்என்கே', பிசிஐ சிலாட்டுகளில் உள்ளவற்றைப் பட்டியலிடும் கட்டளை. வெளியீட்டில் 'ஈத்தர்நெட் கண்ட்ரோலர்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். வரியின் கடைசிப் பக்கம் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது சிப். இன்டெலுக்கு 8086, 1978இல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் எண்ணையே அடையாளமாக வாங்கி வைத்திருக்கிறார்கள். ரியல்டெக்குக்கு 10ஈசி. உங்கள் கார்டு 10ஈசி:8125 என்று வர வேண்டும். அதற்குக் கீழே 'கெர்னல் ட்ரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா, இல்லையா என்பது அடுத்த கேள்வி.

இந்த ஒரு வெளியீடு பிரச்சினையை இரண்டாகப் பிரித்துவிடும். கெர்னல் பூட் ஆகும்போது ஒவ்வொரு பிசிஐ முகவரியிலும் தயாரிப்பாளர் எண்ணைப் படிக்கப் பார்க்கும். அங்கே யாரும் இல்லையென்றால் எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பும், அதாவது எஃப்எஃப்எஃப்எஃப். இதற்கு ட்ரைவர் தேவையே இல்லை. ஆகவே பட்டியலில் இல்லாத கார்டுக்கு ட்ரைவர் தேடி அலைவது வீண். பட்டியலில் இருக்கும் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதும் வீண்.

பட்டியலிலேயே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் டெஸ்க்டாப் பலவும் ஸ்லிம் வகை. கார்டில் பொருத்தி வரும் நீளத் தகடு அந்தப் பெட்டிக்குள் நுழையாது. குட்டைத் தகடு டப்பாவிலேயே கிடக்கும், அல்லது டப்பாவே கடையில் தங்கிவிடும். உடனே தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் கார்டைச் சொருகிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பின்னாலிருந்து கேபிளை அழுத்திச் சொருகும்போது கார்டின் மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான், தொடர்பு போய்விடும். கேபிள் இல்லாமல் பூட் செய்தால் கார்டு தெரிகிறது, கேபிளோடு பூட் செய்தால் தெரியவில்லை என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், இதுதான்.

சோதிக்கும் முறை: கணினியை அணைத்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். இரண்டு கார்டையும் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் நீளமான எக்ஸ்16 சிலாட்டில் போடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான இடம்தானே என்று தயங்க வேண்டாம். எக்ஸ்1 கார்டு அதிலும் வேலை செய்யும். அங்கே தெரிந்தால் கார்டு நல்லது, பழைய சிலாட்தான் சந்தேகத்துக்குரியது. சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி சொருகினால் ஒரு குட்டிச் சிலாட் தானாகவே செயலிழக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இது மதர்போர்டு கையேட்டில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. பயாஸுக்குள் போய் சிலாட்டுகள் முடக்கப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். கம்பெனிகளில் ஐடி பிரிவினர் தேவையில்லாததை எல்லாம் முடக்கிவைத்திருப்பார்கள். போர்டிலுள்ள லேன் போர்ட் காணாமல் போயிருந்தாலும் காரணம் பெரும்பாலும் இதே பயாஸ் மெனுதான்.

தங்க நிறக் காண்டாக்ட்டுகளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து ஆல்கஹாலால் துடைப்பது இந்த ஈரப்பதத்துக்கு அவசியமான வேலை. சிலாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எறும்பு கூடு கட்டியிருக்கும் பெட்டிகளும் உண்டு.

பிறகு இடி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மாலை நேரத்து இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் வந்த பிறகு பலர் பயம் விட்டுப்போய் இருக்கிறார்கள். ஃபைபர் கண்ணாடிதான், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மொட்டைமாடி சிசிடிவிக்குப் போகும் கேபிள் செம்பு, பவர் வயரும் செம்பு. அடி வாங்கிய கார்டு மூன்று விதமாக நடந்துகொள்ளும். பட்டியலிலேயே வராமல் போகலாம். வந்தும் வரியின் முடிவில் 'ரெவ் எஃப்எஃப்' என்று காட்டலாம். பேருக்குத்தான் இருக்கிறது, கேட்டால் பதில் இல்லை என்று அர்த்தம். அல்லது எல்லாம் சரியாகத் தெரிந்தும், 'அப்' நிலைக்குக் கொண்டுவந்து நல்ல கேபிள் சொருகினாலும், கார்டின் நிலையைக் காட்டும் 'ஈத்டூல்' வெளியீட்டில் 'லிங்க் டிடெக்டட்: நோ' என்றே நிற்கலாம், சிப் பிழைத்து, கேபிள் பக்கத்து மின்சுற்று மட்டும் கருகிய நிலை அது. மூன்றுக்குமே புது கார்டுதான் வழி.

இரட்டைப் போர்ட் ரியல்டெக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கார்டில் இரண்டு லேன் சிப்புக்கு முன்னால் ஒரு பிசிஐ சுவிட்ச் சிப் இருக்கும், பல கார்டுகளில் ஏஎஸ்மீடியா தயாரிப்பு. எல்எஸ்பிசிஐயில் ஏஎஸ்மீடியா தெரிந்து ரியல்டெக் தெரியாவிட்டால் சிலாட்டில் குற்றமில்லை, கார்டுக்குள்ளேயே கோளாறு. மினி பிசியின் வைஃபை சிலாட்டில் லேன் அடாப்டர் போடுகிறவர்களும் கவனியுங்கள். சில போர்டுகளில் அந்தச் சிலாட்டுக்கு இன்டெல் வைஃபைக்கான சிஎன்விஐ இணைப்பு மட்டும்தான் இருக்கும், பிசிஐ இருக்காது. அதில் எந்த லேன் அடாப்டரும் தெரியாது.

இனி உங்கள் விஷயத்தில் நான் நினைப்பது. இரண்டு கார்டும் விண்டோஸில் ஓடின, இரண்டும் ஒரே நேரத்தில் இங்கே தெரியவில்லை. இரண்டு கார்டும் இரண்டு சிலாட்டும் சேர்ந்து பழுதாவது அரிது. எனவே எல்எஸ்பிசிஐயில் இரண்டும் இருக்கும், கீழே 'ட்ரைவர் இன் யூஸ்' வரி மட்டும் இருக்காது என்பதே என் ஊகம்.

அப்படியானால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸேஜ்' வெளியீட்டில் ஆர்8169 என்று தேடுங்கள். ரியல்டெக் கார்டுகளுக்குக் கெர்னலோடு வரும் ட்ரைவர் அது. 8125 சிப்புக்கான ஆதரவு கெர்னல் 5.4இல் சேர்ந்தது. டெபியன் 10இன் கெர்னல் 4.19, அதில் இந்தக் கார்டு கிடையவே கிடையாது. உங்கள் டெபியன் 12இல் 6.1 இருக்கிறது, ஆகவே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். ரியல்டெக் ஒரே 8125 எண்ணை வைத்துக்கொண்டே சிப்பின் உள்ளமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறது. ட்ரைவர் கார்டைத் தொட்டுப் பார்த்து, தனக்குத் தெரியாத பதிப்பு என்றால் 'அன்னோன் சிப் எக்ஸ்ஐடி' என்று ஒரு வரி எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். பிசிஐ எண் சரி, ட்ரைவர் இருக்கிறது, கார்டும் நல்லது. ஆனாலும் இடைமுகம் பிறக்காது. அண்மையில் வாங்கிய 2.5 கிகாபிட் கார்டுகளில் இது நடக்கிறது. கார்டு டப்பாவில் 'லினக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம்.

அந்த வரி இருந்தால் போர்டிலுள்ள இன்டெல் போர்ட் வழியாக இணையம் எடுத்து, டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவிப் பாருங்கள். அதிலும் அதே வரி வந்தால் சிப் அந்தக் கெர்னலைவிடப் புதிது. ரியல்டெக் தனியாகத் தரும் ஆர்8125 ட்ரைவரை, வெளி ட்ரைவர்களைத் தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் மூலம் ஏற்றலாம், அல்லது கார்டை மாற்றலாம். நான் மாற்றத்தான் சொல்வேன். டிகேஎம்எஸ் ட்ரைவர் ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலின்போதும் புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். கெர்னல் ஹெடர்ஸ் பொதி இல்லையென்றால் அது சத்தமில்லாமல் தோற்றுவிடும், அடுத்த ரீபூட்டில் கார்டு மாயம். கையெழுத்திடாத ட்ரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால், ட்ரைவரை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று மறுத்துவிடும். வீட்டுக் கணினியில் இதைச் சமாளிக்கலாம். ஃபயர்வால் அப்படியல்ல, பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்ற வேண்டிய பெட்டி. கெர்னலை மேம்படுத்தவே பயப்படுகிற ஃபயர்வால் எதற்கு?

பழைய 1 கிகாபிட் ரியல்டெக் கார்டுக்காக ஆர்8168-டிகேஎம்எஸ் பொதியை யாராவது முன்பு போட்டிருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. அந்தப் பொதி ஆர்8169ஐத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். பின்னால் அதன் தொகுப்பு தோற்றால் இருக்கிற ட்ரைவரும் இல்லை, வந்த ட்ரைவரும் இல்லை. ஈடிசி அடியில் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் 'பிளாக்லிஸ்ட்' என்று தேடிப் பாருங்கள்.

மாற்றுவதானால் இன்டெல் ஐ210 அல்லது ஐ350. இரண்டுக்கும் ஐஜிபி ட்ரைவர், கெர்னலில் நெடுங்காலமாக இருப்பது. வேகம் 1 கிகாபிட்தான். டியூஷன் சென்டருக்கு அது தாராளம். ஐ350 எக்ஸ்4 கார்டு என்பதால் முனை மூடிய எக்ஸ்1 சிலாட்டில் நுழையாது, முதலில் பெட்டியைத் திறந்து சிலாட்டை அளந்துகொள்ளுங்கள். ஐ350இன் பெயரில் போலிகளும் விற்பனைக்கு வருகின்றன. சர்வரிலிருந்து கழற்றிய பழைய அசல் கார்டு, பளபளக்கும் மலிவான 'புதிய' கார்டைவிட மேல்.

ஃபர்ம்வேர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிமெஸேஜில் ஆர்டிஎல்_நிக் கோப்பு ஏற்ற முடியவில்லை என்று சிவப்பில் வந்தால் பதறுகிறார்கள். பல ரியல்டெக் கார்டுகள் அது இல்லாமலும் ஓடும். ஃபர்ம்வேர்-ரியல்டெக் பொதியைப் போட்டால் செய்தியும் போய்விடும். டெபியன் 12இலிருந்து இன்ஸ்டாலரே இவற்றைக் கொண்டுவருகிறது. ஆனால் பிஎன்எக்ஸ்2 ட்ரைவர் கேட்கும் பழைய பிராட்காம் சர்வர் கார்டுகள் ஃபர்ம்வேர் இல்லாமல் எழவே எழாது.

இப்போது பெயர்கள். ஃபயர்வாலுக்கு இதுதான் முக்கியமான இடம். லினக்ஸ் தானாக வைக்கும் ஈஎன்பி3எஸ்0 என்ற பெயரில் 3 என்பது பிசிஐ பஸ் எண், 0 சிலாட் எண். எல்எஸ்பிசிஐ பஸ் எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும், இடைமுகப் பெயரில் அது பதின்மமாக வரும், 0ஏ:00.0 என்ற கார்டுதான் ஈஎன்பி10எஸ்0. இது தெரியாமல் 'பட்டியலில் இருக்கும் கார்டு வேறு, பெயர் வேறு' என்று குழம்புகிறவர்கள் உண்டு. அதைவிட, புதிதாக ஒரு கார்டைச் சேர்த்தால் பஸ் எண்கள் நகரலாம். நேற்றுவரை ஈஎன்பி3எஸ்0 ஆக இருந்தது இன்று ஈஎன்பி4எஸ்0. கட்டமைப்புக் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும், நீங்கள் 'பழைய கார்டும் போயிற்று' என்று நினைப்பீர்கள்.

இதன் ஆபத்து இணையம் வராததோடு நிற்பதில்லை. என்எஃப்டேபிள்ஸ் விதிகளில் இடைமுகத்தை இரண்டு வகையில் குறிக்கலாம்: ஐஐஎஃப், ஐஐஎஃப்நேம். ஐஐஎஃப்நேம் பெயரை மட்டும் ஒப்பிடும். ஐஐஎஃப் இடைமுகத்தின் உள் எண்ணைப் பிடித்துக்கொள்ளும், வேகமானது. ஆனால் விதிகளை ஏற்றும் நேரத்தில் அந்த இடைமுகம் இல்லையென்றால் பிழை. என்எஃப்டேபிள்ஸ் ஒரு கோப்பை முழுதாக ஏற்றும் அல்லது முழுதாக நிராகரிக்கும். ஆக, ஒரே ஒரு கார்டின் பெயர் மாறியதற்காக உங்கள் விதிகள் மொத்தமும் ஏறாமல் போகும். விதி இல்லாத கெர்னல் எல்லாவற்றையும் அனுமதிக்கும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் உலகத்துக்கே திறந்து கிடக்கும், தேடிப் பார்க்காவிட்டால் உங்களுக்குத் தெரியாது. கார்டு தெரியாமல் போன ஒவ்வொரு முறையும் 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' போட்டுப் பாருங்கள். வெறுமையாக வந்தால், கார்டைத் தேடுவதற்கு முன் இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

தீர்வு, பெயரை நீங்களே வைப்பது. ஈடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் என்ற பாதையில் 10-வேன்.லிங்க் என்று ஒரு கோப்பு (வேன் என்பது இணையம் வரும் பக்கம்). 'மேட்ச்' பகுதியில் கார்டின் மேக் முகவரி (கார்டுக்கே உரிய வன்பொருள் எண்), 'லிங்க்' பகுதியில் நேம்=வேன்0. மற்ற இரண்டுக்கும் இதேபோல் ஆபீஸ்0, வைஃபை0. பழைய ஞாபகத்தில் ஈத்0 என்று வைக்காதீர்கள். கெர்னல் பூட் நேரத்தில் அதே பெயரை வேறு கார்டுக்குக் கொடுத்திருக்கும், இரண்டும் மோதும். முடிந்ததும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓட்ட மறக்க வேண்டாம், பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில் உள்ள நகல். எந்த மேக் எந்தப் போர்ட் என்று அறிய, இன்டெல் கார்டில் 'ஈத்டூல் -பி' போட்டால் விளக்கு மினுக்கும். ரியல்டெக்கில் அது ஏற்காவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஐபி லிங்க்கில் எது 'நோ-கேரியர்' ஆகிறது என்று பாருங்கள். போர்ட் பக்கத்தில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.

ஃபயர்வாலுக்கென்றே வரும் ஐபிஃபயர் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம். அதன் செட்டப் நிரலே மேக் முகவரியைப் பார்த்து ரெட்0, கிரீன்0 என்று பெயர் வைத்துவிடும். கார்டை மாற்றினால் செட்டப்பை மறுபடி ஓட்டி அந்த நிறத்துக்குப் புது கார்டை ஒதுக்க வேண்டும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால்கள் இரண்டும் லினக்ஸே அல்ல, ஃப்ரீபிஎஸ்டி. அங்கே எல்எஸ்பிசிஐக்குப் பதில் 'பிசிஐகான்ஃப் -எல்வி'.

பூட் ஆகும்போது இருந்து, சில மணி நேரம் கழித்துக் காணாமல் போகும் கார்டு வேறு சாதி. இன்டெல் ஐ225, ஐ226 வைத்த மினி பிசிகளில் 'பிசிஐஇ லிங்க் லாஸ்ட், டிவைஸ் நவ் டிட்டாச்ட்' என்ற வரியைப் பார்த்தவர்கள் பலர். மின்சாரம் மிச்சப்படுத்தும் ஏஎஸ்பிஎம் வசதியின்மேல்தான் முதல் சந்தேகம். கெர்னல் அளவுருவில் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' சேர்த்துச் சில நாள் பாருங்கள். கூடவே பெட்டிக்குள் காற்றோட்டத்தையும் கவனியுங்கள், மாடியில் ஏர்கான் அணைத்த பிறகு அறை எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாம் சரியாகி மூன்று கார்டும் நின்ற பிறகும் வேன்0இல் ஐபி முகவரி வராமல் போகலாம். அதைக் கார்டு பிரச்சினை என்று மறுபடி பெட்டியைத் திறக்காதீர்கள். உங்கள் லைன் டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை என்றால் இணையம் விலேன் 500 என்ற தனித் தடத்தில், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ வழியாக வரும். வேன்0 மேல் வேன்0.500 என்ற துணை இடைமுகத்தை உருவாக்கி, அதன்மேல் பிபிபிஓஇ ஓட்ட வேண்டும், எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 1492. அதன் பிறகு பாக்கெட்டுகள் வெளியே போவது பிபிபி0 வழியாக. உள் முகவரிகளை மறைத்து வெளியே அனுப்பும் மாஸ்கரேட் விதியிலும் உள்வரவைத் தடுக்கும் விதியிலும் வேன்0 என்றல்ல, பிபிபி0 என்று எழுதுங்கள். பூட் நேரத்தில் பிபிபி0 இன்னும் பிறந்திருக்காது என்பதால் உள்வரவுக்கு ஐஐஎஃப்நேம், வெளியே போவதற்கு ஓஐஎஃப்நேம்.